சிங்க் மூலையில் ஒரு விரிசல்

இந்தக் காபி ஆத்துல போட்டதில்லை. தெருமுனைக் கடையிலேர்ந்து ஃப்ளாஸ்க்ல வாங்கிண்டு வந்தது. அதனால தைரியமாக் குடிக்கலாம், நன்னாவே இருக்கும். ஆத்துல காபி போடறதுக்கு இப்போ இடம் ஏது, நீங்கதான் பார்த்தேளே.

உக்காருங்கோ. தமிழ்செல்வன்னுதானே சொன்னேள்? கல்லுக் கம்பெனிலேர்ந்து ஆள் வரான்னதும் யாரோ ஹிந்திக்காரப் பையன் வருவான்னு நினைச்சிண்டிருந்தேன். இத்தனை வருஷம் பம்பாய்ல, இந்த மாட்டுங்காவுல இருந்தும் காய்க்காரன்கிட்ட பேரம் பேசற ஹிந்திதான் எனக்கு வரும். அதை வெச்சுண்டு மனசுல இருக்கறதைச் சொல்லணும்னா கத்தரிக்காயைப் பத்தித்தான் சொல்ல முடியும். செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பையனா வந்தது என் அதிர்ஷ்டம்.

படமெல்லாம் எடுத்துண்டாச்சு. விரிசல் சிங்க் மூலையில ஆரம்பிச்சு சுவர் வரைக்கும் ஓடியிருக்கு. கல்லுல குறையா, மிஸ்திரி போட்டதுல குறையான்னு கேட்டேள். ரெண்டும் இல்லை. கல்லு நல்ல கல்லு. மிஸ்திரி மாரிக்கண்ணனும் நன்னாத்தான் போட்டிருக்கான். நீங்க போன்ல ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் விவரமாச் சொல்லிடறேன். அவர் வர நாழியாகும். மெஸ்ல சாப்பாடு சொல்லப் போயிருக்கார்.

அவர்னா என் ஆத்துக்காரர். வேங்கடசுப்ரமணியன். உங்க பில்லுல அந்தப் பேர்தான் இருக்கும். அணுசக்தி நகர்ல அக்கவுண்ட்ஸ்ல இருந்து ரிடையர் ஆனவர். நல்ல மனுஷர், அதை முதல்லயே சொல்லிடறேன். ஒரு நாள் கை நீட்டினதில்லை, குரலை உசத்தினதில்லை. ரிடையர் ஆன அன்னிக்குக் கழுத்துல போட்ட மாலையோட வந்து நின்னு, "ருக்கு, இத்தனை வருஷத்துல நோக்குன்னு நான் ஒண்ணுமே பண்ணலை. புதுசா ஒரு கிச்சன் பண்ணித் தரேன்"னார்.

செக்கு மாட்டுக்குப் புதுச் செக்கு வாங்கித் தந்தா அது என்ன சொல்லும்? தலையை ஆட்டும். நானும் ஆட்டினேன்.

எனக்குச் சமையல் பிடிக்காதுன்னு நினைச்சுக்காதேங்கோ. நான் பண்ற மொளகூட்டலைப் பத்தி இந்தக் கட்டடத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவா. ஆனா ஒரு மனுஷி ஒரு வேலையை நன்னாப் பண்ணினா அவளுக்கு அது பிடிக்கும்னு எல்லாருமாச் சேர்ந்து முடிவு பண்ணிடறா. அப்புறம் அவளைக் கேக்கறதே இல்லை.

மாரிக்கண்ணன் தாராவிலேர்ந்து வந்தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், பேச்சுலயே தெரியும். பழைய கடப்பாக் கல்லு மேல சுத்தியலைப் போடறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுக் கும்பிட்டான். நானும் கூடவே கும்பிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் காரணம் வேற வேற. சாயங்காலத்துக்குள்ள மேடை, அலமாரி, தொட்டி எல்லாம் மூட்டையாகிக் கீழ போயாச்சு. அவர் என்னைப் பார்த்து, "பாவம் ருக்கு, கொஞ்ச நாளைக்கு நோக்குக் கஷ்டம்"னார். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் மெஸ்ஸுக்குப் போனோம்.

இலை போட்டான். நான் உக்காந்திருக்கேன், சாதம் ஆவி பறக்க என் இலையில விழறது. அதை முதல்ல புரிஞ்சுக்கணும் நீங்க. ஆத்துல கடைசியாச் சாப்பிடறவ நான். நான் உக்காரும்போது எல்லாமே ஆறியிருக்கும். அங்க பரிமாறற பையன் வாளியோட வந்து, "மாமி, இன்னும் கொஞ்சம் ரசம்?"னான். நான் திரும்பிப் பின்னாடி பார்த்தேன், யாரைக் கேக்கறான்னு. என்னைத்தான் கேட்டான். போடச் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டான். அப்பவும் போடச் சொன்னேன். ரசம் ரொம்ப சுமார்தான், புளி தூக்கலா இருந்தது. நான் அந்த மாதிரி அமிர்தத்தைச் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலம்பற அவர் கல்லு சாம்பிளெல்லாம் பையில போட்டுத் தூக்கிண்டு வந்தார். "ருக்கு, நோக்கு எந்தக் கல்லு வேணும்?"னார். கல்யாணம் ஆனதிலேர்ந்து எனக்கு என்ன வேணும்னு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கிரானைட்டா, மார்பிளா, கடப்பாவா, ஸ்டீலா. கிச்சன் வேணுமா வேண்டாமாங்கறது அந்தக் கேள்விக்குள்ள இல்லை.

ஒண்ணு சொல்றேன், நான் பொய் சொல்லலை. ஒவ்வொரு கல்லைப் பத்தியும் நான் சொன்னது நிஜம். நிஜத்தை எப்போ சொல்லணுங்கறதுலதான் கொஞ்சம் யோசனை பண்ணினேன்.

கிரானைட்ல அவருக்கு ஆசை. கறுப்புல வெள்ளிப் பொட்டு வெச்ச மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சிருந்தார். "கிரானைட்லேர்ந்து துளியூண்டு கதிர்வீச்சு வரும்னு உங்க ஆபீஸ்லயே யாரோ சொன்னதா நீங்கதானே ஒரு தடவை சொன்னேள்"னேன். அவர் கணக்கெழுதின மனுஷர், விஞ்ஞானி இல்லை. ஆனா அந்த கேட்டுக்குள்ள போய் வந்தவாளுக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தைன்னா கொஞ்சம் பயம்தான். கூட வேலை பார்த்த பிரம்மநாயகத்துக்குப் போன் பண்ணினார். அவர் விஞ்ஞானி. அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். இவர் போனை வெச்சுட்டு, "ஏன் அவ்வளவு சிரிக்கறான்? எதையோ மறைக்கறான்"னார். கிரானைட் போச்சு.

மார்பிள் சாம்பிள் மேல அரை எலுமிச்சம்பழத்தைக் கவுத்து வெச்சுட்டு நான் கோவிலுக்குப் போயிட்டேன். வந்து பார்த்தா வட்டமா அரிச்சு வெளிறிப் போயிருந்தது. அவரே பார்த்து அவரே சாம்பிளைத் திருப்பிக் குடுத்துட்டார். கடப்பா போட்டுக்கலாமேன்னார். "தாராளமா. நம்ம முத்துமாரி ஆத்துலயும் கடப்பாதான், நன்னா உழைக்கறதாம்"னேன். முத்துமாரி எங்காத்துல பாத்திரம் தேய்க்கறவ. கடப்பாவைப் பத்தி அதுக்கப்புறம் அவர் பேசலை.

ஸ்டீல்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்தது. ஸ்டீலைப் பத்திக் குத்தம் சொல்ல ஒண்ணும் கிடைக்கலை. அவர் அந்தத் தகட்டைத் தடவிண்டே, "நன்னா இருக்கு ருக்கு, ஒரு தொடை தொடைச்சா பளிச்சுன்னு ஆயிடும்"னார். என் மாமனார் ஆஸ்பத்திரியிலதான் போனார். மார்ச்சுவரியில அவரைக் கிடத்தியிருந்த மேஜை வரைக்கும் போய்ப் பார்த்து வாங்கிண்டு வந்தது இவர்தான். "ஆமாம். அப்பாவைப் படுக்க வெச்சிருந்தாளே, அதே மாதிரி வழவழன்னு இருக்கு"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அன்னிக்கு மெஸ்ல அவர் மோர் சாதம் சாப்பிடலை. இலையையே பார்த்துண்டு உக்காந்திருந்தார். எனக்குப் பாவமா இருந்தது. வீணாப் போகப்படாதேன்னு அவர் அப்பளத்தை நான் எடுத்துண்டேன்.

இப்படியே மழைக்காலம் போச்சு. கணபதி வந்து கடல்ல கரைஞ்சும் போயாச்சு. எனக்கு அந்த மாசங்கள் எப்படி இருந்ததுன்னு கேட்டா, பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருந்தது. காலம்பற நடக்கப் போவேன். திரும்பி வந்து பேப்பர் படிப்பேன், விளம்பரம் வரைக்கும். மத்தியானம் தூங்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சுண்டேன்.

முத்துமாரிக்குத்தான் வேலை இல்லாமப் போச்சு. பாத்திரம் இல்லாத ஆத்துல பாத்திரம் தேய்க்கறவளுக்கு என்ன வேலை. ஆண்டாப் ஹில்லேர்ந்து பஸ் ஏறி ரெண்டு மூணு தடவை வந்தா. வாசல்லயே நின்னுண்டு, "மாமி, கிச்சன் எப்ப ரெடியாவும்?"னு கேட்டா. "எங்களைவிட நோக்குத்தாண்டி அவசரம்"னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அப்புறம் வரலை. எங்கயாவது கிடைச்சிருக்கும். நன்னா வேலை செய்யறவளுக்குக் கிடைக்காம என்ன.

கடைசியில அவர் உங்க கம்பெனி குவார்ட்ஸ்ல வந்து நின்னார். வெள்ளைக் கல்லு, சாம்பல் கோடு ஓடினது. மாரிக்கண்ணன் உங்க கம்பெனி லிஸ்ட்லயும் இருக்கற மிஸ்திரியாம், அதனால பொருத்தறதும் அவனேன்னு ஆச்சு. அதுல எனக்குச் சொல்லறதுக்கு நிஜம் ஒண்ணும் பாக்கி இல்லை. அதனால மாரிக்கண்ணன் அளவெடுக்க வந்தப்போ டேப்போட ஒரு முனையை நான் பிடிச்சுண்டேன். "சுவரோட ஒட்டிப் பிடிங்க மாமி"ன்னான். ஒட்டித்தான் பிடிச்சேன், நடுவுல என் கட்டைவிரலை வெச்சுண்டு.

கல்லு வந்து எறக்கினா, ஒரு கட்டைவிரல் அகலம் குறையறது. "சைடுல பட்டி வச்சு மறைச்சிரலாம் சார், தெரியவே தெரியாது"ன்னான் மாரிக்கண்ணன். அவர் அக்கவுண்ட்ஸ்காரர். கணக்குல ரெண்டு பக்கமும் ஒத்துப்போகாம உதைச்சா அவருக்குத் தூக்கம் வராது. கல்லைத் திருப்பி அனுப்பினார். மாரிக்கண்ணன் அவன் டேப்பையே இழுத்து இழுத்துப் பார்த்துண்டு நின்னான். "எந் தப்புதான் சார். அளவு எப்படிப் பெசகிச்சுன்னு வெளங்கல. இது வரைக்கும் இப்படி ஆனதில்ல"ன்னான். அவனே தப்புன்னு ஒத்துண்டப்புறம் நடுவுல புகுந்து நான் என்ன பேசறது? மரியாதையா இருக்காது.

அவருக்கு சக்கரை வியாதி இருக்கு, சொன்னேனோ? இல்லையா. ரொம்ப நாளா இருக்கு. நான் பார்த்துப் பார்த்து அளந்து போட்டுண்டிருந்த வரைக்கும் கட்டுக்குள்ள இருந்தது. மெஸ்ல யார் அளப்பா? பாயசம் போடற நாள்ல இன்னொரு கரண்டின்னு கேட்டு வாங்கிப்பார். குழந்தை மாதிரி சந்தோஷப்படுவார். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "வெளிச் சாப்பாடு கூடவே கூடாது, ஆத்துச் சாப்பாடுதான்"னு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆகட்டும் டாக்டர்"னேன்.

ஹால்ல ஒரு கரண்ட் அடுப்பு வெச்சுண்டு ரெண்டு சப்பாத்தி போட்டுக் குடுத்திருக்கலாமேன்னு உங்க முகத்துல எழுதியிருக்கு. அவரும் அதையேதான் கேட்டார். "பழைய வயரிங், ஃப்யூஸ் போயிடும்"னேன். எதிர் ஃப்ளாட்காரா அவா அடுப்பையே உபயோகப்படுத்திக்கச் சொன்னா. பிறத்தியாருக்கு எதுக்கு சிரமம்.

அப்புறம் அவர் கால்விரல்ல ஒரு புண் வந்து ஆறாம இருந்தது. ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ராத்திரியெல்லாம் நான் கூடவே இருந்தேன், யாரை வேணா கேட்டுக்கோங்கோ. அங்க மணி அடிச்சாப்ல தட்டு வரும். பேஷண்டுக்கு ஒண்ணு, கூட இருக்கறவாளுக்கு ஒண்ணு. மேல மூடி போட்டிருக்கும். அந்த மூடியைத் திறக்கற வரைக்கும் உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு இது புரியாது. கல்யாணத்துக்கப்புறம் மூடியைத் திறந்து, உள்ள என்னடான்னு நான் ஆச்சரியமாப் பார்த்தது அங்கதான். ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி. டிஸ்சார்ஜ்னு சொன்னப்போ, இன்னும் ரெண்டு நாள் பார்த்துட்டு அனுப்பலாமேன்னு நான்தான் டாக்டரைக் கேட்டேன். என்ன அக்கறைன்னு நர்ஸெல்லாம் சொன்னா. விரலை எடுக்க வேண்டி வரலை. குருவாயூரப்பன் புண்ணியம்.

அவர் ஆத்துக்கு வந்தவுடனே உங்களுக்குப் போன் பண்ணி ரெண்டாவது கல்லை வரவழைச்சுட்டார். இந்தத் தடவை அளவை அவரே எடுத்தார். மாரிக்கண்ணன் வந்து லெவல் பார்த்துப் பார்த்து வெச்சான். புது அடுப்பையும் பொருத்தியாச்சு. போறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டு, "மாமி, இந்த சிங்க் மூலைய மட்டும் பாத்துக்கிடுங்க. தொட்டிக்கு வெட்டின எடம், இங்கனதான் கல்லு மெலிசு. சூடு ஆகாது"ன்னான். அவனுக்கு என் மேல மரியாதை உண்டு. வேற யாரும் எனக்கு இப்படிப் பிரிச்சுச் சொல்ல மாட்டா.

வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிடலாம்னார். அதோட விடலை. கல்யாண்ல இருக்கற தங்கை பாகீரதிக்குப் போன் பண்ணி, "குடும்பத்தோட வந்து மார்கழி பூரா இருந்துட்டுப் போ. மன்னி கையால சாப்பிட்டு எத்தனை நாளாச்சு"ன்னார். எனக்கு எதிர்லயே பேசினார். பேசிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சார். "மெஸ்ல கணக்கை முடிச்சுட்டேன் ருக்கு. இனிமே நோக்கு அந்தக் கஷ்டம் இல்லை"ன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் தூங்கிண்டிருந்தார். நான் கிச்சனுக்குள்ள போய் நின்னேன். அழகாத்தான் இருந்தது. வெளிச்சம் அது மேல விழுந்து ரூம் பூரா வெள்ளையா இருந்தது. கண்ணாடி மாதிரி என் முகம் லேசாத் தெரிஞ்சது. இந்தக் கல்லுக்குப் பத்து வருஷம் காரண்டின்னு உங்காளு சொன்னது ஞாபகம் வந்தது. நமக்கு அவ்வளவு காரண்டி யாரும் குடுத்ததில்லைன்னு நினைச்சுண்டேன்.

கல்லோட ஒரு அட்டை குடுத்திருந்தேளே, என்னெல்லாம் செய்யக்கூடாதுன்னு. அது ரொம்ப உபகாரமா இருந்தது. அதுல போட்டிருந்தபடியே இரும்பு தோசைக்கல்லை அடுப்புல வெச்சு நன்னாக் காயவிட்டு, அந்த சிங்க் மூலையில எறக்கி வெச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துட்டு ஃப்ரிட்ஜ் தண்ணியை ஊத்தினேன். ஒண்ணும் ஆகலை. திரும்பப் பண்ணினேன். அப்பவும் ஆகலை. நல்ல கல்லு உங்க கல்லு, அதை எழுதிக்கோங்கோ. மூணாவது தடவை தண்ணி ஊத்தினதும் டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைக்கற மாதிரி. பெரிய சத்தம் இல்லை. உள்ள அவர் புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

நீங்க நம்பலை. வாங்கோ, உள்ள வந்து அந்தத் தாம்பாளத்தை நகர்த்திப் பாருங்கோ. அந்த மஞ்சள் வட்டம் தெரியறதா? தோசைக்கல்லோட அடி அதுதான். நான்தான் மறைச்சு வெச்சிருந்தேன்.

மாரிக்கண்ணனைக் கூப்பிட்டு அவர் பேசினார். திட்டலை. அவருக்குத் திட்டத் தெரியாது. "உன்னை நம்பினேனே"ன்னார். அவன் தரையில குந்தி உக்காந்து அந்த விரிசல்ல விரலை வெச்சு ஓட்டி ஓட்டிப் பார்த்தான். நான் ஃப்ளாஸ்க்லேர்ந்து டீ ஊத்திக் குடுத்தேன். வாங்கிண்டான், குடிக்கலை. "மாமி, ரெண்டாந்தடவ. இனி கம்பெனில எம் பேர எடுத்துருவாவ. கல்லு வேலை தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே"ன்னான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஒண்ணும் ஆகாது, கடவுள் இருக்கார்"னேன். அதுக்கு மேல என்னால பார்த்துண்டு நிக்க முடியலை. ஹாலுக்கு வந்து பேப்பரை எடுத்துண்டேன்.

அதனாலதான் இப்போ உங்ககிட்ட சொல்றேன். நீங்க வாசல்ல நுழையும்போதே அவர்கிட்ட சொன்னேளே, "கல்லுல குறைன்னாலும் மிஸ்திரி குறைன்னாலும் அடுத்த வாரமே புதுக் கல்லு வந்துடும், டென்ஷன் எடுக்காதீங்க சார்"னு. அவர் முகம் அப்படி மலர்ந்துது. கிளம்பிப் போற வரைக்கும் அதையே சொல்லிண்டிருந்தார். அதைக் கேட்டதிலேர்ந்து எனக்கு மனசாட்சி உறுத்திண்டே இருக்கு. ஒரு ஏழை மிஸ்திரி மேல பழி விழப்படாது. உடைச்சது நான். வேணும்னே உடைச்சேன். அதை அப்படியே அடிச்சுக்கோங்கோ. வீட்டுக்காராளே உடைச்சா புதுக் கல்லு தரமாட்டேள்னு அட்டையோட பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருந்தது. சரிதானே? உறுதிதானே? இல்லை, சும்மா கேட்டேன். எனக்கு அது முக்கியமில்லை. நான் மாரிக்கண்ணனுக்காகத்தான் சொன்னேன்.

காபி ஆறிப்போச்சே, குடிக்கவே இல்லையே நீங்க.

என்ன? உண்மையைச் சொன்னதுக்காக மேலதிகாரிகிட்ட பேசறேளா? உங்கம்மாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டாளா. ஸ்பெஷல் கேஸ்னு சொல்லி எப்படியாவது ஒரு கல்லு வாங்கித் தரேன்னா சொல்றேள். அதெல்லாம் எதுக்குத் தம்பி, உங்களுக்கு வீண் சிரமம். இல்லையா, பண்ணியே தீருவேளா. நல்ல மனசு உங்களுக்கு.

சரி, அப்படி வந்துதான் தீரும்னா ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணுங்கோ. அதையும் மாரிக்கண்ணனையே போடச் சொல்லுங்கோ. புது ஆள்னா தாங்கமாட்டான். இவனுக்குன்னா பாவம், பழகிப்போச்சு.